தாஷ்கண்ட் ஞாயிற்றுக்கிழமைகள்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் இலங்கையில், மாத்தளைக்கு வடக்கே உள்ள நாவுலயில் விவசாயப் போதனாசிரியராக இருந்தேன். வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் நாட்டுக்குள் வராமல் அரசாங்கம் நிறுத்தியிருந்த காலம். காடு வெட்டிய இடங்களிலெல்லாம் மிளகாய்க் கன்று நின்றது. தண்ணீர்தான் போதவில்லை. குறைந்த தண்ணீரில் பயிர் செய்யும் முறையைப் படித்து வருவதற்காக ஐந்து பேரை சோவியத் நாட்டுக்கு அனுப்பப்போகிறார்கள், அதில் நானும் ஒருவன் என்று மாத்தளைக் கந்தோரில் மேலதிகாரி சொன்னபோது அவர் வேடிக்கை பண்ணுகிறார் என்றே நினைத்தேன். போகவேண்டிய ஊர் தாஷ்கண்ட் என்றார். சுவரில் தொங்கிய உலகப் படத்தில் அதைத் தேடிக் கண்டுபிடிக்க எங்கள் இருவருக்கும் கொஞ்ச நேரம் எடுத்தது.

எனக்குக் கல்யாணமாகி அப்போது நான்கு மாதம். மனைவி கலேவெலயைச் சேர்ந்தவள். அவளுடைய வாப்பாவுக்கு அங்கே சந்தைப் பக்கம் ஒரு பலசரக்குக் கடை இருந்தது. எட்டாம் வகுப்போடு அவள் படிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் கடையில் சீனி சுற்றக் கிழித்து வைத்திருக்கும் பழைய பத்திரிகைத் துண்டுகளை எல்லாம் வாசித்துவிட்டுத்தான் சுற்றக் கொடுப்பாளாம். கல்யாணத்துக்குப் பிறகு மாத்தளையில் என் உம்மாவோடு இருந்தாள். நான் நாவுலயில் ஓர் அறையில் தங்கி, சனிக்கிழமை பின்னேரம் வந்து திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் திரும்புவேன். கூட்டிப் பார்த்தால் நாங்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது ஒரு மாதம்கூட வராது. அவளுக்கும் வெட்கம், எனக்கும் வெட்கம். "சோறு போடவா?" என்பாள். "போடுங்க" என்பேன். அதற்கு மேல் எப்படித் தொடங்குவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

பயணச் செய்தியைச் சொன்ன அன்று அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நாளைக்கு?" என்றாள்.

"மூணு மாசம்."

"அந்த ஊருல பாக்க என்னெல்லாம் ஈக்கு?"

"தெரியாது. பாத்திட்டு எழுதுறேன்."

முறத்தைக் கீழே வைத்தாள். "ஒண்டும் விடாம எழுதுவீங்களா?"

"கட்டாயம். ஒவ்வொரு கிழமையும்."

நான்கு மாதத்தில் அவள் என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். இல்லை, அதற்கு முன்னும் ஏதாவது கேட்டிருக்கலாம். இப்போது அவள் இல்லை. சரியா என்று கேட்டுக்கொள்ள எனக்கு ஆள் கிடையாது.

தாஷ்கண்டில் எங்களை ஒரு கல்லூரி விடுதியின் மூன்றாம் மாடியில் தங்கவைத்தார்கள். என்னோடு அறையில் இருந்தவர் குருநாகலையைச் சேர்ந்த சிங்கள நீர்ப்பாசன உத்தியோகத்தர். திங்கள் முதல் சனி வரை வகுப்பும் வயலும். ஞாயிற்றுக்கிழமை ஊர் பார்க்கலாம். அதற்கென்று ஒரு மொழிபெயர்ப்பாளர் அம்மாவை ஒழுங்குபண்ணியிருந்தார்கள். நாற்பது வயதிருக்கும். சாம்பல் நிறக் கோட்டும் தட்டையான சப்பாத்தும் போட்டு, கொஞ்சம் விறைப்பாக நடப்பார். ஆங்கிலத்தைப் புத்தகத்திலிருந்தே படித்தவர். ஒரு சொல் வராவிட்டால் நடுத்தெருவில் நின்று கண்ணை மூடி யோசித்து, வந்த பிறகுதான் அடுத்த அடி வைப்பார்.

முதல் ஞாயிறு புதிய நகரத்தைக் காட்டினார். சில வருடங்களுக்கு முன் பெரிய நிலநடுக்கத்தில் ஊரின் நடுப்பகுதி மண்ணாகிவிட்டது. அதற்குப் பிறகு கட்டியவைதான் நாங்கள் பார்த்ததெல்லாம். ஆறு பஸ் பக்கத்துக்குப் பக்கம் போகக்கூடிய சாலைகள். ஒரே மாதிரி ஜன்னல் வைத்த மாடிக் கட்டடங்கள். வெயிலுக்கு மறைப்பாகக் கொங்கிறீட்டில் பூவேலை. "இந்த வரிசையை உக்ரைன்காரர்கள் வந்து கட்டினார்கள். அந்த வரிசை ஜோர்ஜியாக்காரர்கள்" என்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டே போனார். எங்கு பார்த்தாலும் நீரூற்று. எனக்கு அவற்றைவிடப் பிடித்தது சாலையோர வாய்க்கால்கள். பெரிய நகரத்தின் நடுவே, மரங்களின் அடியைத் தொட்டுக்கொண்டு, சின்ன வாய்க்காலில் மலைத்தண்ணீர் ஓடியது. கிழவிகள் அதில் வாளியால் மொண்டு தங்கள் வாசலில் தெளித்தார்கள். தண்ணீருக்காக அவ்வளவு தூரம் வந்தவன் நான். அங்கேயே குந்திக்கொண்டு அதன் சரிவைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருந்தபோதே, இதை அவளுக்கு எப்படி எழுதுவது என்ற யோசனை வந்துவிட்டது.

அன்று பின்னேரம் முதல் கடிதத்தை எழுதினேன். உறையிலும் தாளின் மேலும் ஒன்று என்று இலக்கம் போட்டு, சலாம் எழுதி, அதன் கீழே அவள் எனக்குப் பதில் எழுதவேண்டிய விலாசத்தை அந்நாட்டு எழுத்திலேயே பார்த்துப் பார்த்து வரைந்தேன். வாய்க்கால்களைப் பற்றி எழுத இரண்டு பக்கம் போனது. எனக்கே ஆச்சரியம். வாயில் வராத பேச்சு பேனையில் வந்தது.

அடுத்த ஞாயிறு பழைய நகரத்துச் சந்தை. கலேவெலச் சந்தையைப் போல நூறு சந்தையைச் சேர்த்துவைத்தது மாதிரி. ஆட்டுக்குட்டி அளவு வெள்ளரிப்பழம். முழ நீளத்துக்குத் தொங்கும் திராட்சை. வட்ட ரொட்டிகளின் நடுவில் முத்திரை குத்திப் பூப்போட்டிருந்தார்கள். சீரகக் குவியலின் முன் நின்றபோது மணம் என்னை நேரே மாத்தளைக் கடைத்தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கொஞ்ச நேரம் அந்த இடத்தை விட்டு நகராமல் நின்றேன். பூவேலைத் தொப்பி போட்ட வியாபாரி ஒருவர் என்னைப் பார்த்து இந்தியாவா என்று கேட்டார். இலங்கை என்றேன். அவருக்கு விளங்கவில்லை. நான் சலாம் சொன்னதும் அவர் முகமே மாறிவிட்டது. கையை நெஞ்சில் வைத்துப் பதில் சொல்லி, பக்கத்துத் தேநீர்க் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கட்டில் போன்ற பலகைகளை வாய்க்காலுக்கு மேலேயே போட்டிருந்தார்கள். சப்பாத்தைக் கழற்றி, அதன் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, கைப்பிடி இல்லாத கிண்ணத்தில் பால் இல்லாத பச்சைத் தேநீர் குடித்தோம். ஒரு சொல்கூடப் பொதுவாக இல்லாமல் அரை மணி நேரம் சிரித்துக்கொண்டிருந்தோம்.

எனக்கு நேர் எதிர்ப் பலகையில் ஒரு புருஷனும் மனைவியும் இருந்தார்கள். அவள் ரொட்டியைப் பிய்த்து அவனிடம் கொடுத்துக்கொண்டே ஏதோ கதை சொன்னாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் கலேவெலப் பெண்ணை நினைத்தேன். இந்தப் பலகையில் அவள் உட்கார்ந்தால் காலை எப்படி மடித்து உட்காருவாள், இந்தத் தேநீரைக் குடித்தால் முகத்தை எப்படி வைப்பாள் என்று எண்ணிப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் கடிதத்தில் அந்தப் புருஷன் மனைவியைப் பற்றியும் எழுதி, அவள் அங்கே எப்படி உட்காருவாள் என்றும் கேட்டேன்.

அப்படியே ஒவ்வொரு ஞாயிறும் போனது. ஒருமுறை நூதனசாலையில், மூன்றாவது கலீபா ஓதிக்கொண்டிருந்ததாகச் சொல்லும் மான்தோல் குர்ஆனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தும் விரல் நீளம். "மிக முக்கியமான வரலாற்று ஆவணம்" என்றார் மொழிபெயர்ப்பாளர் அம்மா. நான் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாக ஓதினேன். அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். திரும்பும்போது ட்ராமில், "என் அம்மாவும் அப்படித்தான் உதட்டை அசைப்பார்" என்று மட்டும் சொன்னார்.

விடுதி வாசலில் மேசை போட்டு ஒரு கிழவி உட்கார்ந்திருப்பாள். அவளுக்குப் பின்னால் கடிதம் வைக்கும் பெட்டித் தட்டு. வகுப்பு முடிந்து வரும்போதெல்லாம் நான் அந்தத் தட்டைப் பார்ப்பேன். கிழவி இல்லை என்று தலையை ஆட்டுவாள். மூன்றாம் கிழமை, நான்காம் கிழமை, ஐந்தாம் கிழமை. அறைத்தோழருக்கும் ஒன்றும் வரவில்லை. அவர் கவலைப்படவில்லை. "மச்சான், என் பெண்சாதிக்கு மூன்று பிள்ளை. எழுத நேரமேது? உனக்குத்தான் புதுப் பெண்சாதி" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குக் குத்தும். உனக்கு எழுத அவளுக்கு என்ன இருக்கிறது, நீ அவளோடு எத்தனை வார்த்தை பேசியிருக்கிறாய் என்று என்னையே கேட்டுக்கொள்வேன். ஆனால் ஞாயிறு வந்தால் பேனையை எடுக்காமல் இருக்க முடியவில்லை. பதில் வராத கடிதங்கள் நீண்டுகொண்டே போயின. எதற்கு ஏங்குகிறேன் என்றுகூட எழுதத் தொடங்கினேன். அவள் அரிசி புடைக்கும் சத்தம். முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு அடுப்பை ஊதுவது. ஒரு மாதம்கூடக் கூட வாழாத ஒருத்தியை நினைத்து ஏங்க எனக்கு அவ்வளவு சாமான் இருந்தது.

பத்தாம் ஞாயிறு வெண்பனி பெய்தது. நாங்கள் ஐந்து பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி முற்றத்துக்கு ஓடினோம். அன்று எழுதிய கடிதத்தின் கடைசியில், "அடுத்த ஞாயிறு இங்கே எங்களுக்குக் கடைசி ஞாயிறு. மொழிபெயர்ப்பாளர் அம்மா எங்கள் நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஓர் இடத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். பார்த்துவிட்டு எழுதுகிறேன்" என்று முடித்தேன்.

மார்கழி மழையில் மாத்தளை ஸ்டேஷனில் வந்து இறங்கினேன். உம்மா வாசலிலேயே கட்டிப்பிடித்து அழுதார். மனைவி கதவுக்குப் பின்னால் நின்றாள். மெலிந்திருந்தாள்.

"பயணம் நல்லமா?" என்றாள்.

"நல்லம். என்ட கடிதமெல்லாம் கெடச்சிச்சா?"

"என்ன கடிதம்?"

நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா, "ஒரு துண்டும் வரல்லயே மகன். நீ சொகமா போய்ச் சேந்தண்டு கந்தோருல இருந்துதான் ஆள் வந்து சொன்னாங்க" என்றார்.

"ஒவ்வொரு ஞாயிறும் எழுதினேன். பதினொரு கடிதம்."

"அப்படியா?" என்றாள் மனைவி. அவ்வளவுதான். சமையலறைக்குப் போய்விட்டாள். பொய் என்று சொல்லியிருந்தால் சத்தியம் பண்ணியிருப்பேன்.  என் விலாசமே அந்த முதல் கடிதத்தில்தான் இருந்தது, அதனால்தான் அவளால் எழுத முடியவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோபித்துக்கொண்டு மூன்று மாதம் போனது. அந்தக் கோபத்துக்கு இடமே இல்லை.

அவளுக்கென்று ஒரு பட்டுத் துணி கொண்டுவந்திருந்தேன். மழைத்தண்ணீரில் சாயம் கலந்து ஓடியது போன்ற கோடுகள் போட்ட துணி. வாங்கி, மடிப்புக் கலையாமல் பெட்டியில் வைத்தாள். அடுத்த சனிக்கிழமை நானாகவே அருகில் போய், "அந்த ஊரப் பத்திச் செல்லட்டா?" என்றேன்.

"செல்லுங்க."

"நல்ல ஊரு. பெரிய பெரிய ரோட்டு. சரியான குளிர்."

அவள் காத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதற்கு மேல் வரவில்லை. "ம்" என்று எழுந்து போனாள். பத்துப் பக்கம் எழுதியவன் நான்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

மாசியில் ஒரு சனிக்கிழமை நான் வீட்டுக்குள் கால் வைத்ததும் உம்மா சிரித்துக்கொண்டே வந்தார். "வந்திட்டு மகன். ஒரே கட்டா வந்திட்டு." சணல் கயிற்றால் கட்டிய கடிதங்களைத் தபால்காரர் புதன்கிழமை கொண்டுவந்து கொடுத்திருந்தார். அவை இவ்வளவு காலம் எங்கே கிடந்தன என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. மனைவி அவற்றை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். இலக்கப்படி அடுக்கியிருந்தாள். ஒன்றுகூட உடைத்திருக்கவில்லை.

"ஏன் படிக்கல்ல?"

"நீங்க ஒரேயடியா எழுதினீங்களா? கிழமைக்கு ஒண்டுதானே எழுதினீங்க. நானும் ஞாயித்துக்கிழமைக்கு ஒண்டுதான் படிப்பேன்." பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நான் நம்பல்ல. மன்னிச்சிக்கோங்க" என்றாள்.

அடுத்த நாள் நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு முதல் கடிதத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கத்து ஜம்பு மரத்தடிக்குப் போனாள். அங்கே துணி துவைக்கும் கல் ஒன்று இருந்தது. அதில் உட்கார்ந்துதான் படித்தாள். நான் அந்தப் பக்கம் வரக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். நான் முன்னறையில் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு அதில் ஒரு வரியும் ஏறாமல் இருந்தேன். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு வந்தாள்.

"அந்த வாய்க்கால் தண்ணியில கிழவிமார் வாசல் தெளிக்கிறாங்கண்டு எழுதியிருக்கீங்களே. பிறகு நாங்க போல கோலிக்கட்டால கூட்டுவாங்களா?"

"கூட்டுவாங்க. துடைப்பத்துக்குக் கட்டையான பிடி. குனிஞ்சுதான் கூட்டணும்."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். ஆனால் அந்த ஒரு கேள்வி எனக்கு ஒரு கிழமைக்குப் போதுமாக இருந்தது.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் வேறு மாதிரி ஆகிவிட்டன. இரண்டாம் கடிதத்துக்குப் பிறகு அவள் நெடுநேரம் என்னிடம் வரவேயில்லை. பின்னேரத் தேநீர் கொடுக்கும்போது மட்டும், "அந்தத் தேத்தண்ணிக் கடையில நான் இருந்தா எப்படி இருப்பேண்டு கேட்டிருந்தீங்க. காலத் தொங்கப் போட்டுக்கிட்டுத்தான் இருப்பேன். தண்ணி தொடுற மாதிரி" என்றாள். நான்காம் கடிதத்துக்குப் பிறகு கண் சிவந்திருந்தது. ஏழாம் கடிதத்தைப் படித்த அன்று எனக்குப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து சோறு போட்டாள். அதற்கு முன் நின்றுகொண்டுதான் பரிமாறுவாள்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அந்தக் கடிதத்தில் இருந்தவன் மேல் பொறாமை வந்தது. ஜம்பு மரத்தடியில் அவள் அவனோடுதான் இருந்தாள். அவன் சொல்வதைக் கேட்டுத் தனக்குள் சிரித்தாள். நான் கதவிடுக்கால் பார்த்தேன். அவனுக்குத் தெரிந்த வார்த்தைகள் எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் அவள் வெளிப்படையாகவே சொல்லிவிட்டாள்.

"இதுல ஈக்கிற மனுசன் நல்லாப் பேசுறாரு."

"நான்தானே அது?"

"நீங்கதான். ஆனா நீங்க வீட்டுக்கு வரக்குள்ள அவரக் கூட்டிக்கிட்டு வாரல்லயே."

 அவள் கேலியாகச் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையாகவே அந்த ஏக்கம் இருந்தது. நான் அவளுக்காக ஆயிரக்கணக்கான மைல் அப்பாலிருந்து ஏங்கினேன். அவள் சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவில் நின்று எனக்காக ஏங்கினாள்.

பத்தாம் கடிதத்தோடு கட்டு முடிந்துவிட்டது. பனியைப் பற்றி, "பெய்யக்குள்ள சத்தம் கேக்குமா?" என்று கேட்டாள். கேட்காது, இருக்கிற சத்தமும் அடங்கிப்போகும் என்றேன். அடுத்த ஞாயிறு படிக்க ஒன்றுமில்லை. பதினோராவது கடிதம் வரவேயில்லை. உம்மாவைக் கூட்டிக்கொண்டு இரண்டு முறை தபால் கந்தோருக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். சித்திரை போய் வைகாசியும் முடிந்தது.

அந்த வருடம் எனக்கு நாவுலயில் அரசாங்கக் குவாட்டர்ஸ் கிடைத்தது. இரண்டு அறை, தகரக் கூரை, வீட்டுக்குப் பின்னால் மிளகாய்த் தோட்டம். மனைவியைக் கூட்டிக்கொண்டு போவதாக உம்மாவிடம் கேட்டேன். உம்மா என் தங்கச்சியோடு இருப்பதாகச் சொல்லி ஒத்துக்கொண்டார். ஒரு காலை வேளையில், தகரப் பெட்டியும் பாயும் பானை சட்டியுமாகத் தம்புள்ளை பஸ்ஸில் ஏறினோம். பெட்டிக்குள் வைத்திருந்த பட்டுத் துணியை அவள் அதற்குள் சட்டையாகத் தைத்திருந்தாள். அன்று அதைத்தான் போட்டிருந்தாள். முக்காட்டுக்குக் கீழே கோடுகள் தெரிந்தன.

கொக்கோ மரங்களும் மிளகுக் கொடிகளும் பின்னுக்குப் போய், வெயில் கூடிக்கொண்டு வந்த இடத்தில், அவள் வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

"பதினோராவது கடிதத்த வாயால செல்லுங்க."

"இங்கயா? பஸ்ஸிலயா?"

"ஓம். வழியில நாலந்தைக்கே இன்னும் தூரம் ஈக்கு."

முன்னும் பின்னும் உள்ள சீட்டுகளைப் பார்த்தேன். ஆனால் தப்பிப் போக இடமில்லை. மெதுவாகத் தொடங்கினேன்.

அந்தக் கடைசி ஞாயிறு மற்ற நால்வரும் சாமான் வாங்கப் போய்விட்டார்கள். நான் மட்டும் மொழிபெயர்ப்பாளர் அம்மாவோடு ட்ராமில் போனேன். முந்திய கிழமைப் பனி ஓரங்களில் அழுக்காகக் கிடந்தது. அவர் என்னை இறக்கிக் கூட்டிப்போன இடத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. புதிதாகப் போட்ட ஒரு பூங்கா. குச்சி குச்சியாக மரக்கன்றுகள். நடுவில் ஒரு பழைய முசுக்கட்டை மரம் மட்டும் பெரிதாக நின்றது. அவர் அந்த மரத்தடியில் முதுகைக் கொடுத்து நின்று, ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு நடந்தார். பதினான்காவது அடியில் நின்றார். "இது எங்கள் வாசல்" என்றார். "இங்கே ரொட்டி சுடும் அடுப்பு. இங்கே என் கட்டில். கோடையில் முற்றத்தில்தான் படுப்போம்." நிலநடுக்கத்தில் அந்தத் தெரு முழுக்கப் போய்விட்டது. உயிர்கள் தப்பின. அவருக்கும் அவர் அம்மாவுக்கும் நான்காம் மாடியில் வீடு கொடுத்தார்கள். வெந்நீர்க் குழாய் உள்ள நல்ல வீடு. அம்மா இன்னும் விடிந்ததும் முற்றத்தைக் கூட்டவேண்டும் என்று துடைப்பத்தைத் தேடுவாராம்.

"பத்து ஞாயிறு உங்களுக்கு ஊரைக் காட்டினேன். இது மட்டும் என்னுடைய ஊர்" என்றார் அவர்.

 பிறகு அவர், உங்களுக்கு அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். மனைவி இருக்கிறாள், கடிதம் வரவில்லை என்றேன். "அவளுக்கு என்ன பிடிக்கும்? அவளுக்கு ஏதாவது வாங்கலாம்" என்றார். எனக்குத் தெரியவில்லை. நிறம்? தெரியவில்லை. சாப்பாடு? தெரியவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு ஆங்கிலச் சொல் தேடுபவர் மாதிரிக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "போய்க் கேளுங்கள். வீடு இருக்கும்போதே கேட்கவேண்டும்" என்றார். பட்டுத் துணி அவர் தேர்ந்தெடுத்ததுதான்.

நான் சொல்லி முடித்தபோது என் மனைவி என் பக்கம் திரும்பியிருந்தாள்.

"அவ அழுதாவா?"

"இல்ல. சப்பாத்துல ஒட்டின சேத்தத் தொடச்சாங்க."

"பாவம்" என்றாள். சட்டையின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள். "பிறகு கடிதத்துல வேற என்ன எழுதினீங்க?"

"கேள்விதான். கடைசி ரெண்டு பக்கமும் கேள்வி."

"யாருக்கு?"

"ஒங்களுக்கு."

"அப்ப கேளுங்க."

பஸ் ஒரு மேட்டில் ஏறித் திணறியது. எங்களுக்கு முன் சீட்டில் ஓர் அம்மா மடியில் கோழியை வைத்துக்கொண்டு தூங்கினாள்.

"ஒங்களுக்கு என்ன சாப்பாடு விருப்பம்?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இதையா அவ்வளவு தூரத்துல இருந்து கேட்டீங்க? புட்டும் பாபத்தும். ஒங்கட உம்மாவுக்கு அந்த ஆட்டுக்குடல் வாடை ஆகாது. அதனால கேக்கல்ல."

"படிப்ப நிப்பாட்டினப்ப அழுதீங்களா?"

சிரிப்பு நின்றது. "அழல்ல. பள்ளிக்கூடத்துப் புத்தகமெல்லாம் திருப்பிக் குடுத்தேன். பூமிசாஸ்திரப் புத்தகத்த மட்டும் குடுக்கல்ல. கலேவெல வீட்டுல அலுமாரிக்கு மேல இன்னும் ஈக்கு."

இப்படியே ஒவ்வொன்றாகக் கேட்டேன். நாலந்தை வந்து போனதை நான் கவனிக்கவேயில்லை. பிறகு அவள், "இப்ப நான் ஒண்டு கேக்கவா?" என்றாள்.

"கேளுங்க."

"அங்க இருக்கக்குள்ள, திரும்பி வராம இருந்திடுவோமாண்டு ஒருநாளாவது நெனச்சீங்களா?"

அந்தக் கடிதத்து மனிதனாக இருந்தால் இல்லை என்று அழகாக ஒரு வரி எழுதியிருப்பான். நான் உண்மையைச் சொன்னேன். "ஒருநாள். அந்த விடுதிக் கிழவி எட்டாம் கிழமையும் தலைய ஆட்டினப்ப."

அவள் கோபிக்கவில்லை. சரி என்பது போல் கேட்டுக்கொண்டாள்.

"நானும் ஒருநாள் கலேவெலக்கே போயிடுவோமாண்டு நெனச்சேன்."

"எந்த நாள்?"

"நீங்க வந்த நாள். கடிதம் எழுதினேண்டு சென்னீங்களே, அண்டக்கி. மூணு மாசம் வராத கடிதத்த விட, அது பொய்யா ஈக்குமோண்டு நெனச்சதுதான் கஷ்டமா இருந்திச்சி."

நான் அவள் கையைப் பிடித்தேன். பட்டப்பகலில், பஸ்ஸில். அவள் முக்காட்டின் நுனியை இழுத்து இரண்டு கைகளையும் மூடினாள். கொண்டக்டர் நாவுல, நாவுல என்று கத்தும்வரை அப்படியே இருந்தோம். இறங்கி, பெட்டியை நான் தலையில் தூக்க, பாயையும் சட்டியையும் அவள் எடுத்துக்கொண்டாள். வாய்க்கால் கட்டு வழியாகக் குவாட்டர்ஸுக்குப் போகும்போது, தண்ணீர் வற்றிக் கிடந்ததைப் பார்த்து, "எப்ப தண்ணி விடுவாங்க?" என்று கேட்டாள். வியாழக்கிழமை என்றேன்.